தரவுப் பகுப்பாய்வு கேட்டு வந்த மனுக்கள்

ஒரே கிழமையில் இரண்டு மின்னஞ்சல்கள் வந்தன. பொதுக் கொள்கையில் முதுமாணி படிக்க என்னைத் தெரிவு செய்திருப்பதாக ஒன்று சொன்னது. தரவுப் பகுப்பாய்வில் முதுமாணி படிக்கத் தெரிவு செய்திருப்பதாக மற்றது சொன்னது. இரண்டும் ஒரே மாதத்தில் தொடங்குகிற படிப்புகள். இரண்டுக்கும் பதினைந்து நாளுக்குள் பதில் போட வேண்டும். வரனே வராத வீட்டுக்கு ஒரே நாளில் இரண்டு மாப்பிள்ளைகள் வந்து கதிரையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. எனக்கு முப்பத்தொரு வயது, அந்தக் கதிரையில் உண்மையான மாப்பிள்ளை ஒருவரும் இன்னும் உட்காரவில்லை என்பது அவருடைய கவலை.

நான் அரசாங்கத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். பட்டம் முடித்தவர்களுக்கெல்லாம் வேலை கொடுக்க வேண்டும் என்று யாரோ நினைத்த நேரத்தில் பிறந்த பதவி இது. என்ன வேலை கொடுப்பது என்று நினைக்க அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை போலும், ஆகவே படிவம் கொடுத்தார்கள். ஏழு வருடமாக நான் படிவம் நிரப்புகிறேன். வீடு வீடாகப் போய், கூரை என்ன, சுவர் என்ன, கிணறு உண்டா, கழிப்பறை உண்டா, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டு, கேட்டதற்கெல்லாம் புள்ளி போட்டு, புள்ளி கூடியவருக்கு ஆடோ கோழியோ தையல் மெசினோ வீடோ கிடைக்கச் செய்வது என் தொழில். புள்ளி குறைந்தவர் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் தொழிலின் ஒரு பகுதிதான்.

படிப்பு விடுமுறையை எங்கள் சேவையில் ஒரு தடவைதான் தருவார்கள். ஆகவே இதை எடுத்து ருசி பார்த்துவிட்டு அதற்குத் தாவுகிற கதையெல்லாம் நடக்காது. பொதுக் கொள்கை என்றால் இரண்டு வருடம் கொழும்பில் இருக்க வேண்டும். தரவுப் பகுப்பாய்வைப் பூநகரியில் வீட்டு அறைக்குள் இருந்தே கொம்பியூட்டரில் படிக்கலாம், சிக்னல் இருக்கிற நாட்களில்.

ஏன் தயங்கினேன் என்று கேட்டவர்களிடம் அப்போது நான் உண்மையைச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். எனக்குத் தரவுப் பகுப்பாய்வுதான் வேண்டும் என்றிருந்தது. காரணம் கணக்கில் ஆசையல்ல. அந்தப் படிப்பை முடித்தால் தலைமை அலுவலகத்தில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து, மற்றவர்கள் நிரப்பி அனுப்பும் படிவங்களை எண்ணிக்கொண்டிருக்கலாம். ஒருவருடைய வாசலிலும் போய் நிற்கத் தேவையில்லை. எனக்கு வாசல்கள் அலுத்துவிட்டன. மீன்காரர் ஒருவர் எனக்கு மட்டும் வெட்டுப்பட்ட மீனாகப் பார்த்து நிறுப்பார், அவருடைய தங்கைக்குக் கிணறு கிடைக்கவில்லை. கோவிலில் விபூதி வாங்க நான் போய் நின்றால் பக்கத்தில் நிற்பவர் சற்று நகர்வார், அவருக்கு ஆடு கிடைக்கவில்லை. ஆடு கிடைக்காத இன்னொரு வீட்டில் ஒரு நாய்க்குட்டியைப் பிடித்து வந்து அதற்கு 'டி.ஓ.' என்று என் பதவியின் ஆங்கிலச் சுருக்கத்தைப் பெயராக வைத்திருந்தார்கள். நான் சைக்கிளில் போகும்போது மட்டும் அந்த நாயை உரத்துக் கூப்பிடுவார்கள். நாய் வராது. "உந்த டி.ஓ.வுக்குச் சோறு போட்டும் பிரயோசனமில்லை" என்பார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு மிதிப்பேன்.

அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசையில் ஒரு முஸ்லிம் நானா இருந்தார். முல்லைத்தீவுக்காரர். சின்னப் பிள்ளையாகக் குடும்பத்தோடு ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்குப் போய், பெரிய ஆளாகத் திரும்பி வந்தவர். இரண்டு கடிதங்களையும் அவரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டையும் நிதானமாக வாசித்தார்.

"தங்கச்சி, தரவெண்டா என்னெண்டு நான் சொல்லுறன்" என்றார். "புத்தளத்திலை எண்ணினவங்கள், நான் இருந்தன். முல்லைத்தீவிலை எண்ணினவங்கள், அங்கையும் நான் இருந்தன். தரவின்படி நான் ரெண்டு பேர். ஆனா வீட்டுத்திட்டம் வரேக்கை புத்தளத்தான் எண்டு இஞ்சை தரேல்லை, முல்லைத்தீவான் எண்டு அங்கை தரேல்லை. ரெண்டு பேரா இருந்தும் ஒரு கூரை இல்லை."

"அப்ப கொள்கையைப் படிக்கட்டோ நானா?"

"கொள்கை கொழும்பிலை இருக்கு. வாடகை கூட" என்றுவிட்டு அவர் தன் கோப்பைத் திறந்தார். அவரிடம் கேட்டால் எப்போதும் இப்படித்தான். சிரிக்க வைப்பார், வழி காட்டமாட்டார்.

ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். இரண்டு படிப்புகளுக்கும் புள்ளி போட்டேன்.

அதற்கென்று புதிதாக ஒன்றும் செய்யவில்லை. பயனாளிகளைத் தெரிவு செய்ய அலுவலகத்தில் ஒரு எக்செல் பட்டியல் இருக்கிறது. அதைத் திறந்து ஆட்களின் பெயர் இருந்த இடத்தில் 'தரவுப் பகுப்பாய்வு', 'பொதுக் கொள்கை' என்று எழுதினேன். கூரை, சுவர், கிணறு இருந்த இடத்தில் தூரம், செலவு, காலம், வேலைக்கு உதவுமா, அம்மா அழுவாரா என்று எழுதினேன். முதல் தடவை கூட்டியபோது பொதுக் கொள்கை வென்றது. எனக்குப் பகீரென்றது. தூரத்துக்குரிய புள்ளியைக் கொஞ்சம் ஏற்றினேன். அப்போதும் கொள்கைதான் வென்றது. அம்மா அழுவதற்குரிய புள்ளியை இரண்டு மடங்காக்கினேன். தரவு முன்னுக்கு வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். மனச்சாட்சி உறுத்த, வேலைக்கு உதவுமா என்பதற்கும் சற்று ஏற்றினேன், உடனே கொள்கை மறுபடி முந்தியது. மூன்று நாட்கள் இந்த விளையாட்டு நடந்தது. கடைசியில் தரவுப் பகுப்பாய்வு எழுபத்தெட்டு, பொதுக் கொள்கை அறுபத்தொன்று என்று வந்த நேரத்தில் சட்டென்று அச்செடுத்துவிட்டேன். கடதாசியில் வந்துவிட்டால் அது உண்மை என்ற நம்பிக்கை எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் உண்டு.

அந்தக் கடதாசியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அங்கேதான் பிழை விட்டேன். எங்கள் ஊர் மாதர் சங்கத்தின் தலைவி என் அம்மா. பயனாளிகளின் பட்டியல் தயாரானதும் சங்கத் தலைவியிடம் கொடுப்போம். அவர் அதைப் பொதுநோக்கு மண்டபத்து அறிவித்தல் பலகையில் ஒட்டுவார். ஏழு நாட்கள் அது அங்கே இருக்கும். பட்டியலில் குறை இருப்பதாக நினைப்பவர் எவரும் எழுத்தில் ஆட்சேபணை தரலாம். தந்தால், உத்தியோகத்தர் அவருடைய வீட்டுக்கே போய்ப் பரிசீலித்துப் பதில் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் பாட்டெழுதத் தெரியாதவர்கள் இருக்கலாம், ஆட்சேபணை எழுதத் தெரியாதவர் ஒருவர் இல்லை.

ஒட்டுவதற்கென்று கோழிக்கூட்டுத் திட்டத்தின் பட்டியலையும் அன்று கொண்டுவந்திருந்தேன். இரண்டையும் ஒன்றாக அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு, மறுநாள் விடிய வவுனியாவில் நான்கு நாள் பயிற்சிக்குப் போய்விட்டேன்.

திரும்பி வரும்போது கிளிநொச்சியில் பூநகரி பஸ்ஸுக்காக ஒன்றரை மணித்தியாலம் நின்றேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் எங்கள் ஊர் அக்கா ஒருவர். வழமையாக என்னைக் கண்டால் யன்னலுக்கு வெளியே பார்ப்பவர், அன்று நகர்ந்து இடம் கொடுத்தார். இறால் வடை ஒன்றும் கையில் வைத்தார்.

"பிள்ளை, தரவு எப்ப குடுக்கப் போறியள்?" என்றார்.

"என்ன தரவு அக்கா?"

"தெரியாத மாதிரிக் கதைக்காதையும். மண்டபத்திலை ஒட்டிக் கிடக்கு. நானும் மனுப் போட்டிட்டன், விதானையாரின்ரை கையெழுத்தோடை."

பஸ்ஸை விட்டு இறங்கியதும் பையோடு மண்டபத்துக்கு ஓடினேன். கோழிக்கூட்டுப் பட்டியலுக்குப் பக்கத்தில், அதே எழுத்தில், அதே கட்டங்களோடு என்னுடைய கடதாசி இருந்தது. மேலே 'தெரிவுப் பட்டியல்'. முதலாம் வரியில் தரவுப் பகுப்பாய்வு, மொத்தப் புள்ளி எழுபத்தெட்டு, தெரிவு செய்யப்பட்டது. இரண்டாம் வரியில் பொதுக் கொள்கை, அறுபத்தொன்று, தெரிவு செய்யப்படவில்லை. கீழே, நான் அழிக்க மறந்துபோன அந்த வரி: ஆட்சேபணைகள் இருப்பின் ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் அறியத்தரவும். நாலு மூலையிலும் பசை நன்றாகப் பிடித்திருந்தது. அம்மா ஒட்டினால் கிழிக்க முடியாது.

ஊர் அதை எப்படி விளங்கிக்கொண்டது என்று சொல்லத் தேவையில்லை. ஆடு வந்தது, கோழி வந்தது, இப்போது தரவுப் பகுப்பாய்வு வந்திருக்கிறது. என்னவென்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, முதலில் பெயரைக் கொடுத்து வைப்போம், வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். இத்தனை வருடம் இத்தனை நிறுவனங்களும் கந்தோர்களும் வந்து போன ஊரில் அது புத்திசாலித்தனம்தான்.

வீட்டு மேசையில் பதினேழு மனுக்கள் இருந்தன. கிடைத்த திகதிப்படி அம்மா அவற்றை அடுக்கி, மேலே ஒரு சிரட்டையைப் பாரமாக வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் அடையாள அட்டைப் பிரதியும் குடும்ப அட்டைப் பிரதியும் குத்தியிருந்தன. நான் நின்றபடியே வாசித்தேன்.

'கனம் அம்மணி அவர்களுக்கு, போன முறை ஆடு தந்தபோது எனது பெயர் விடுபட்டது. அதற்கு முன் கோழி தந்தபோதும் விடுபட்டது. இம்முறை தரவுப் பகுப்பாய்வாவது தந்துதவுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.'

'எமது காணியில் தரவுப் பகுப்பாய்வுக்குப் போதிய நிழலும் தண்ணீர் வசதியும் உண்டு என்பதைத் தாழ்மையுடன் அறியத் தருகிறேன்.'

'எனது பக்கத்து வீட்டாருக்குத் தரவுப் பகுப்பாய்வு வழங்கக்கூடாது. அவர்களிடம் ஏற்கனவே ஒன்று உண்டு. மகன் கனடாவில் இருந்து அனுப்பியது.'

'பொதுக் கொள்கையை ஏன் நிறுத்தினீர்கள்? எங்கள் பகுதிக்கு வருவதை எல்லாம் இப்படித்தான் பாதியில் நிறுத்துகிறீர்கள்.'

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். போய் நின்று கத்தினேன். வாசிக்காமல் ஒட்டுவதா, என்னைக் கேட்கக் கூடாதா, ஊரில் இனி நான் எப்படித் தலைகாட்டுவது என்று கேட்டேன்.

"வாசிச்சுத்தான் ஒட்டினனான்" என்றார் அம்மா, தலை நிமிராமல்.

"வாசிச்சோ?"

"ஓம். மூண்டு நாளா ஒரு வாய் கதைக்காமல் தனிய இருந்து புள்ளி போட்டாய். அப்பாவைக் கேட்டியோ? என்னைக் கேட்டியோ? அம்மா அழுவாவோ எண்டு போட்டு அதுக்குப் புள்ளியும் போட்டிருக்கிறாய். நான் அழுவனோ எண்டு என்னட்டைக் கேக்கேல்லையே?" மீனின் தலையை ஒரே வெட்டில் எடுத்தார். "பட்டியல் வந்தா ஒட்டுறதுதானே முறை. ஊரிலை இருக்கிறவையின்ரை புள்ளியை எல்லாம் நீ ஒட்டச் சொல்லித் தரேக்கை அவையைக் கேட்டே தந்தனி?"

அப்பா அப்போதுதான் களப்பில் மீன் பிடித்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். "எதைப் படிச்சாலும் சரி, எங்களுக்குப் படிவம் நிரப்பாதை" என்றுவிட்டு உள்ளே போனார். அம்மாவும் அப்பாவும் ஒரே பக்கம் நிற்பதைப் பல வருடங்களுக்குப் பிறகு அன்றுதான் கண்டேன்.

அம்மா அதோடு விடவில்லை. பதினேழு மனுக்களுக்கும் விதிப்படி வீடு வீடாகப் போய்ப் பதில் சொல்ல வேண்டும் என்றார். சொல்லாவிட்டால் சங்கத்தின் பெயரில் என் மேலதிகாரிக்கு முறைப்பாடு எழுதுவாராம். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. இரண்டு படிப்புகளுக்கும் பதில் போட இன்னும் ஐந்து நாட்கள் இருந்தன. வாசல்களில் இருந்து தப்பிக்க நான் தேர்ந்தெடுத்த படிப்பு என்னைப் பதினேழு வாசல்களுக்கு அனுப்பியது.

சனிக்கிழமை காலையில் புறப்பட்டேன். முதல் வீட்டுக்காரர் பெரியவர், வேலியோரம் ஓர் இடத்தைச் சுத்தப்படுத்தி வைத்திருந்தார். அது படிப்பு ஐயா, நான் படிக்கப்போகிற படிப்பு என்று விளக்கினேன். "படிப்போ? எத்தனை மாதத்திலை பலன் தரும்?" என்றார். இரண்டு வருடம் என்றேன். "அப்ப தென்னம்பிள்ளை பரவாயில்லை" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டாவது வீட்டில், படிப்பென்றால் மகளுக்குத் தாருங்கோ, அவள் ஏ.எல். சோதனை எழுதியிருக்கிறாள் என்றார்கள். பக்கத்து வீட்டைப் பற்றி மனு எழுதியவரிடம், தரவுப் பகுப்பாய்வு கனடாவில் இருந்து அனுப்பக்கூடிய பொருளல்ல என்று சொன்னேன். "அப்ப அந்தப் பெட்டியிலை வந்தது என்ன?" என்று என்னையே மடக்கினார். எனக்குத் தெரியாது. நாய்க்கு டி.ஓ. என்று பெயர் வைத்த வீட்டில் எனக்குத் தேத்தண்ணி தந்தார்கள். அந்த வீட்டுக்காரி சிரித்துச் சிரித்துக் கண்ணீரைத் துடைத்தார், "எங்களையெல்லாம் நல்லாப் பேய்க்காட்டிப் போட்டீர்" என்றார், அதில் கோபம் இருக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அந்த இரண்டு நாளும் எனக்குச் சந்தோசமாக இருந்தது. கொடுப்பதற்கும் மறுப்பதற்கும் என் கையில் ஒன்றும் இல்லாமல் அந்த வாசல்களுக்கு நான் போனது அதுதான் முதல் தடவை.

பதினேழாவது மனுவைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அது ஒரே ஒரு வரி. 'எனது வீட்டுக்கு வந்து பரிசீலிக்கவும்.' கீழே கையெழுத்து. அடையாள அட்டைப் பிரதிக்குப் பதிலாக ஒரு பழைய படிவத்தின் பிரதி குத்தியிருந்தது. மூன்று வருடங்களுக்கு முன் வீட்டுத் திட்டத்துக்காக நான் நிரப்பிய படிவம். எழுத்து என்னுடையது.

களப்போரத்து ஒழுங்கையின் கடைசியில் தகரக் கொட்டிலில் இருக்கும் ஓர் அக்காவின் படிவம் அது. அந்த ஒழுங்கையால் போனால் அலுவலகத்துக்குக் குறுக்கு வழி. நான் மூன்று வருடமாகச் சுற்றுப்பாதையால்தான் போய்வந்துகொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை பதில் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அந்தப் படலையைத் திறந்தேன். அக்கா முற்றத்தில் இறால் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பவில்லை.

"வந்திட்டீரே" என்றார்.

நான் மற்ற வீடுகளில் சொன்னதையே தொடங்கினேன். "அக்கா, அது திட்டமில்லை, என்னுடைய படிப்பு..."

"தெரியும். நானும் ஏ.எல். படிச்சனான். பலகையிலை கண்ட உடனையே விளங்கிட்டுது உது உம்மட படிப்பெண்டு." இறாலைக் கையால் பரப்பினார். "மனுப் போட்டா நீர் வீட்டை வரவேணும் எண்டு சட்டம். அதுதான் போட்டனான். வேறை எப்பிடி உம்மை இந்தப் பக்கம் கூப்பிடுறது?"

சிரிக்கத்தான் வேண்டும், இருந்தும் சிரிப்பு வரவில்லை. அவர் ஒரு வாங்கைக் காட்டினார். உட்கார்ந்தேன்.

"கொண்டு வந்தனீரோ, அந்தப் படிவத்தை?"

கொடுத்தேன். அவர் அதில் ஒரு கட்டத்தில் விரலை வைத்தார். குடும்பத் தலைவர் யார் என்ற கட்டம். அங்கே அவருடைய கணவரின் பெயரை நான் எழுதியிருந்தேன். கணவர் கடைசிச் சண்டையில் காணாமல் போனவர். மூன்று வருடங்களுக்கு முன் இதே முற்றத்தில் நின்று, கணவர் இருக்கிறாரா இறந்துவிட்டாரா என்று கேட்டேன். படிவத்தில் அந்த இரண்டுதான் இருந்தன. அக்கா, இருக்கிறார் என்றார். இருக்கிறார் என்றால் பெண் தலைமை தாங்கும் குடும்பத்துக்குரிய பதினைந்து புள்ளி கிடையாது. மரணச் சான்றிதழ் எடுத்தால் லேசாகப் புள்ளி போட்டுவிடலாம் அக்கா என்று நான் சொன்னேன். நல்லது செய்கிற நினைப்பில் சொன்னேன். அவர் படலை வரை வந்து என்னை வழியனுப்பிவிட்டுப் படலையைக் கட்டினார். மூன்று புள்ளிகளால் அவருக்கு வீடு தவறிப்போனது.

"நான் பொய் சொன்னனானோ?" என்றார் இப்போது.

"இல்லை அக்கா."

"நீர் நான் சொன்னதை மாத்தி எழுதினீரோ?"

"இல்லை. சொன்னதைத்தான் எழுதினனான்."

"அப்ப ஆரிலை பிழை?"

"கட்டத்திலை" என்றேன். அந்தச் சொல் வாயில் வரும்போது எனக்கே வெட்கமாக இருந்தது.

அவர் எழும்பிக் கையைக் கழுவினார். பிறகு ஒரு குத்தியை இழுத்துப்போட்டு எனக்கு முன்னால் உட்கார்ந்தார். "ரெண்டு படிப்பு வந்திருக்கெல்லோ. எது கட்டம் கீறுறவையின்ரை படிப்பு?"

எனக்கு ஓடிப்போய்விடலாம் போலிருந்தது. இத்தனை நாள் எக்செல்லில் ஏற்றியும் இறக்கியும் நான் கேட்காமல் விட்ட கேள்வி அது. "கொள்கை" என்றேன்.

"மற்றது?"

"கீறின கட்டத்துக்குள்ளை இருக்கிறதை எண்ணிப் பாக்கிறது. அதுவும் தேவையான படிப்புத்தான் அக்கா, விட்டுப்போனவையை அதாலை கண்டுபிடிக்கலாம்..."

"என்னைக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. நான் இஞ்சைதான் இருக்கிறன்."

அதற்குப் பிறகு அவரிடம் உண்மையைச் சொன்னேன். வாசல்களுக்கு வரப் பயமாக இருக்கிறது, அதனால்தான் எண்ணுகிற படிப்பை எடுக்க நினைத்தேன், உங்களுடைய ஒழுங்கையால் போகாமல் சுற்றிப் போகிறேன் என்றெல்லாம் சொன்னேன். அம்மாவிடம்கூட இதைச் சொன்னதில்லை.

"தெரியும், சுத்திப் போறது. மழைக்காலத்திலையும் அந்தச் சேத்துக்கை சைக்கிளை உருட்டிக்கொண்டு போனனீர். நான் பாத்துச் சிரிக்கிறனான்" என்றார். அப்போதுதான் நானும் சிரித்தேன். சிரிப்போடு அழுகையும் வந்தது. அவர் அதைக் கவனிக்காத மாதிரி இருந்தார்.

"கொள்கையைப் படிச்சாலும் நான் போய் உடனை கட்டத்தை மாத்தேலாது அக்கா" என்றேன். "என்னைவிடப் பெரிய ஆக்கள் இருக்கினம். சிலநேரம் ஒருக்காலும் நடக்காமலும் போகும்."

"எத்தனை வருசப் படிப்பு?"

"ரெண்டு."

"நான் பதினஞ்சு வருசத்துக்கு மேலை பாத்துக்கொண்டிருக்கிறன். ரெண்டு வருசம் எனக்கொரு கணக்கே?"

போய்ப் படிக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். பூநகரியில் ஒருவருக்கும் சொல்லாததை, வீட்டில்கூடச் சொல்லாததை, முதலில் அவரிடம்தான் சொன்னேன். இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போய் மின்னஞ்சல் அனுப்ப வேண்டும் என்று எழும்பினேன். அவர் படலை வரை வந்தார். பழைய படிவத்தை நாலாக மடித்து என் கையில் திருப்பித் தந்தார்.

"கொண்டுபோம். அங்கை ஆரும் கேட்டா காட்டும்" என்றார். "ஆனா ஒண்டு சொல்லிப்போட்டன். நீர் எந்தக் கட்டத்தைக் கீறிக்கொண்டு வந்தாலும், இந்தப் படலையிலை நிண்டு அவர் இருக்கிறாரோ எண்டு கேட்டா, நான் சொல்லுறது ஒண்டுதான். இருக்கிறார். அதைச் சொல்லியும் புள்ளி குறையாத மாதிரிக் கீறும்."